காரணம், விளைவு: தொடக்கப் பள்ளிப் பசங்களுக்கு வாசிப்புல எப்படி சொல்லிக்குடுக்கிறது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில டீச்சரா இருக்கேன். சிஆர்சி (குறுவள மையம்) மீட்டிங்ல டீ குடிக்கிற நேரத்துல மத்த ஸ்கூல் டீச்சருங்க கேக்குறது, வாட்ஸ்அப்புல பெத்தவங்க கேக்குறது எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சா எல்லாருக்கும் உபயோகமா இருக்குமேன்னு எழுதுறேன். இது முழுக்க தமிழ் பாடத்தை வச்சு எழுதினது, இங்கிலீஷ் பாடத்துக்கு இதுல பாதிதான் பொருந்தும், ஏன்னு போகப் போக புரியும்.

காரணம், விளைவுன்னா என்னன்னு பசங்களுக்கு எப்படி விளக்குறது?

ஏன் நடந்துச்சுன்னு கேட்டா வர்ற பதில் காரணம், அதனால என்ன ஆச்சுன்னு கேட்டா வர்ற பதில் விளைவு. அவ்வளவு போதும். "காரணகாரியத் தொடர்பு"ன்னு போர்டுல எழுதி அண்டர்லைன் பண்ணி ஆரம்பிச்சா அந்த பீரியட் முழுக்க அந்த வார்த்தையை விளக்குறதுலயே போயிடும். அஞ்சாங்கிளாஸ் முடியுறதுக்குள்ள அந்த வார்த்தை தானா வந்து சேரும், மொதல்ல ரெண்டு கேள்வியும் வாயில பழகட்டும்.

எந்த கிளாஸ்ல ஆரம்பிக்கலாம்? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இது ஜாஸ்தி இல்லையா?

ஜாஸ்தியே இல்ல, ஆனா ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ்ல எல்லாமே வாயாலதான். படத்தை காட்டி "இந்த பாப்பா ஏன் அழுவுது"ன்னு கேளுங்க, கதை சொல்லி நடுவுல நிறுத்தி "இப்ப என்ன ஆகும்"னு கேளுங்க. மூணாங்கிளாஸ்ல வாக்கியத்துக்குள்ள தேட வைக்கலாம். நாலு, அஞ்சுல ஒரு விளைவுக்கு பல காரணம், சொல்லாம விட்ட காரணம், சங்கிலித்தொடரா வர்ற காரணம் இதெல்லாம் எடுக்கலாம். 2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுக்கு அப்புறம் ஒரே கிளாஸ்லயே அரும்பு, மொட்டு, மலர்னு மூணு கற்றல் நிலையா பிள்ளைங்க பிரிஞ்சு இருக்காங்க, அதனால கிளாஸ் நம்பரை விட பிள்ளை எந்த நிலையில இருக்குன்னு பாத்து எடுக்குறதுதான் சரியா வருது.

பேசும்போது பிள்ளைங்க காரணம் எல்லாம் நல்லா சொல்றாங்க, பாடத்துல இருந்து கேட்டா முழிக்கிறாங்களே, ஏன்?

எல்லாத்துலயும் முக்கியமான கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். சண்டை போட்டுட்டு நம்மகிட்ட வர்ற ரெண்டு பசங்களை கவனிங்க. "அவன் என் பென்சிலை எடுத்தான் டீச்சர் அதனாலதான் தள்ளுனேன்"னு ஒருத்தன் சொல்லுவான், "நான் ஏன் எடுத்தேன்னா அவன் நேத்து என் ரப்பரை திருப்பி குடுக்கல"ன்னு இன்னொருத்தன் சொல்லுவான். காரணம், அதுக்கும் முந்தின காரணம், விளைவு எல்லாமே அந்த ரெண்டு வரியில இருக்கு. ஆறு வயசுப் பிள்ளைக்கு காரணம் சொல்லத் தெரியும், அதை நாம புதுசா கத்துக்குடுக்க வேண்டியதில்ல.

எழுத்துத் தமிழ்ல அந்த காரணம் எங்க ஒளிஞ்சிருக்குன்னுதான் பிள்ளைக்கு தெரியல. பேசும்போது "அதனாலதான்", "ஏன்னா"ன்னு தனி வார்த்தை போட்டு அழுத்தி சொல்லுவோம். எழுதும்போது வினைச்சொல்லோட வால்ல ஒட்டிட்டு போயிடும், சில நேரம் வாலே இல்லாமலும் போகும். ஒரு உதாரணம் சொல்றேன். "வெயிலில் நடந்து களைத்துப்போன சிறுவன் மரத்தடியில் அமர்ந்தான்." சிறுவன் ஏன் உக்காந்தான்னு மூணாங்கிளாஸ்ல கேட்டேன், பாதிப் பேரு "மரத்தடியில் அமர்ந்தான்"னே திருப்பி சொன்னாங்க. "களைத்துப்போன"ங்கிறது சிறுவனைப் பத்தின வர்ணனைன்னு நெனச்சு தாண்டிப் போயிட்டாங்க, காரணம் அதுக்குள்ளதான் இருக்குன்னு யாரும் அவங்களுக்கு சொல்லல. அதையே "பையன் ரொம்ப நேரம் வெயில்ல நடந்தான், களைச்சுப் போயிட்டான், அதனால மரத்தடியில உக்காந்துட்டான்"னு பேச்சுத் தமிழ்ல சொன்னதும் கிளாஸ் முழுக்க கை தூக்குச்சு.

அதனால நான் பண்றது இவ்வளவுதான், பாடத்துல வர்ற ஒரு வாக்கியத்தை எடுத்து "இதை உங்க வீட்ல எப்படி சொல்லுவீங்க"ன்னு கேப்பேன். அவங்க சொல்ற பேச்சு வாக்கியத்தை போர்டுல இடது பக்கம், புத்தக வாக்கியத்தை வலது பக்கம் எழுதி, இங்க இருக்குற "அதனால" அங்க எங்க போச்சுன்னு தேடச் சொல்லுவேன். ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியம், அதுக்கு மேல வேண்டாம்.

நெட்ல கிடைக்கிற வொர்க்‌ஷீட்டை தமிழாக்கி குடுத்தா போதாதா?

நானும் மொத ரெண்டு வருஷம் அதைத்தான் பண்ணேன். இங்கிலீஷ்ல "பிகாஸ்", "சோ" மாதிரி தனியா நிக்கிற வார்த்தைங்க நிறைய, அதை தேடி வட்டம் போடுன்னு சொன்னா பிள்ளை போட்டுடும். தமிழ்ல "ஏனென்றால், ஆகவே, எனவே"ன்னு ஒரு லிஸ்ட் குடுத்து வட்டம் போடச் சொன்னேன், பாடம் முழுக்க தேடியும் ஒண்ணோ ரெண்டோதான் அகப்பட்டுச்சு, ஆனா அதே பாடத்துல காரணம் பத்துக்கு மேல இருந்துச்சு. லிஸ்ட்ல இல்லாதது எல்லாம் காரணமே இல்லன்னு பிள்ளைங்க முடிவு பண்ணிட்டாங்க. அது ரொம்ப தப்பான பாடம், அதை திருத்த எனக்கு ஒரு டெர்ம் ஆச்சு.

அப்ப தமிழ்ல காரணம் எங்கெங்க ஒளிஞ்சிருக்கும்?

நான் கிளாஸ்ல காட்டுறதை சொல்றேன். "மழை பெய்ததால் பள்ளி விடுமுறை" இதுல "ஆல்". "தண்ணீர் ஊற்றாமல் செடி வாடியது" இதுல "ஆமல்", இங்க நடக்காத ஒண்ணுதான் காரணம், பிள்ளைங்களுக்கு இது கொஞ்சம் லேட்டாதான் பிடிபடும். "குழந்தை பசியில் அழுதது", "காற்றில் மரம் சாய்ந்தது" இதுல வெறும் "இல்". "மழை வரும் என்று குடை எடுத்தாள்" இதுல "என்று", அதாவது அவ மனசுல நெனச்சதுதான் காரணம். நாம பேசும்போது "மழை வரும்னு குடை எடுத்தேன்"னு தெனமும் சொல்றோம் ஆனா அதுல ஒரு காரணம் இருக்குன்னு நமக்கே தோணுறதில்ல. அப்புறம் "கால் வழுக்கி விழுந்தான்", இதுல உருபும் இல்ல இணைப்புச் சொல்லும் இல்ல, "வழுக்கி"ங்கிற வினையெச்சமே காரணம்.

இலக்கணத்துல காரணத்துக்கு "ஏது"ன்னு ஒரு பேர் இருக்கு, ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏதுன்னு நாலு பொருள் நாம படிச்சோமே அதேதான். பிள்ளைங்களுக்கு இந்தப் பேரு தேவையில்ல, ஆனா டீச்சருக்கு தெரிஞ்சிருந்தா பாடத்தை வாசிக்கும்போதே கண்ணு அங்க போய் நிக்கும்.

"பெய்தால்", "பெய்ததால்" ரெண்டையும் பிள்ளைங்க ஒரே மாதிரி படிக்கிறாங்க, என்ன பண்றது?

இந்தக் கேள்வியை கேட்டவங்களுக்கு ரொம்ப நன்றி, ஏன்னா நிறைய பேரு இதை கவனிக்கிறதே இல்ல. ஒரே ஒரு "த" எழுத்து. "மழை பெய்தால் விளையாட மாட்டோம்"னா மழை இன்னும் வரல, வந்தா பாக்கலாம். "மழை பெய்ததால் விளையாடவில்லை"ன்னா மழை வந்தாச்சு, விளையாட்டும் போச்சு. வேகமா படிக்கிற பிள்ளை அந்த "த"வை முழுங்கிடும், அர்த்தம் தலைகீழா போயிடும். பேச்சுல இந்தக் குழப்பம் வராது, "பேஞ்சா", "பேஞ்சதால"ன்னு ரெண்டும் காதுக்கு தெளிவா வேற வேற மாதிரி கேக்கும்.

நான் பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்துல பெருசா வந்தால், வந்ததால், படித்தால், படித்ததால், விழுந்தால், விழுந்ததால்னு எழுதி வெட்டி வச்சிருக்கேன். ஒரு சீட்டை தூக்கி காட்டுவேன், அது நடந்து முடிஞ்சிருந்தா பிள்ளைங்க உக்காரணும், இன்னும் நடக்கலன்னா எந்திரிச்சு நிக்கணும். மொத நாள் பாதி கிளாஸ் தப்பா எந்திரிக்கும். ஒரு வாரம் தெனம் அஞ்சு நிமிஷம் பண்ணா கண்ணு அந்த "த"வை தேட ஆரம்பிச்சிடுது. இதுல ஒரு பையன் "விழுந்ததால்" சீட்டை பாத்து உக்காந்துட்டு, பக்கத்துல நின்னவனைப் பாத்து "அவன் ஏற்கனவே விழுந்துட்டான்டா, உக்காருடா"ன்னு சொன்னான், எனக்கு அன்னைக்கு முழுக்க சந்தோஷமா இருந்துச்சு.

"கடைக்குப் போய் அரிசி வாங்கினான்" இதுலயும் வினையெச்சம் இருக்கு, ஆனா காரணம் இல்லையே? பிள்ளைங்க குழம்ப மாட்டாங்களா?

குழம்புவாங்க, அதுக்கு ஒரு சோதனை இருக்கு. வினையெச்சத்தை எடுத்துட்டு "அதால்" (பெய்ததால், வழுக்கியதால் மாதிரி) போட்டு வாசிச்சுப் பாருங்க. "கால் வழுக்கியதால் விழுந்தான்" சரியா இருக்கு. "கடைக்குப் போனதால் அரிசி வாங்கினான்"னு சொன்னா காதுல இடறுது, ஏன்னா கடைக்குப் போனது அரிசி வாங்குறதுக்கு முன்னாடி நடந்தது மட்டும்தான், அரிசி வாங்கினதுக்கு காரணம் வீட்ல அரிசி தீந்துபோனது. தாய்மொழி தமிழா இருக்குற பிள்ளைக்கு இந்த இடறல் ஒடனே தெரியும், அதோட காதை நம்புங்க. எங்க பக்கம் வீட்ல தெலுங்கு, கன்னடம் பேசுற பிள்ளைங்க நிறைய, அவங்களுக்கு கொஞ்சம் பொறுமையா ரெண்டு வாக்கியத்தையும் நடிச்சுக் காட்டி சொல்லணும்.

"அதனால்", "ஏனென்றால்" ரெண்டையும் மாத்தி மாத்தி போடுறாங்களே?

போர்டுல அம்புக்குறி போடுங்க, வேற வழி தேட வேண்டாம். அம்பு எப்பவும் காரணத்துல இருந்து விளைவுக்கு போகணும், வாக்கியம் எப்படி வேணா திரும்பட்டும். "செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அதனால் வாடியது" இதுல அம்பு இடமிருந்து வலம். "செடி வாடியது. ஏனென்றால் தண்ணீர் ஊற்றவில்லை" இதுல அம்பு வலமிருந்து இடம். ரெண்டும் ஒரே சம்பவம், அம்பு மட்டும் திரும்புது. பத்து தடவை போட்டா புரிஞ்சுக்குவாங்க.

ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு நடந்தாலே முந்தினது காரணம்னு நெனச்சுக்குறாங்க. இதை எப்படி மாத்துறது?

நம்ம ஊர்லயே இதுக்கு பழமொழி இருக்கே, காக்கா உக்கார பனம்பழம் விழுந்துச்சுன்னு. இதை விட நல்ல பாடம் எந்த புத்தகத்துலயும் இல்லன்னு நான் நெனக்கிறேன். பனைமரத்தை போர்டுல வரைஞ்சு, காக்கா வந்து உக்காருது, பழம் விழுது, காக்காதான் தள்ளுச்சான்னு கேளுங்க. "ஆமா"ன்னு ஒரு கூட்டம், "இல்ல"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். அப்ப இந்தக் கேள்வியை போடுங்க, "காக்கா வராமலே இருந்திருந்தா பழம் விழுந்திருக்குமா?" பழம் பழுத்து காம்பு விட்டுப்போச்சு, காக்கா வரலன்னாலும் விழுந்திருக்கும், அப்ப காக்கா காரணம் இல்ல.

"அது நடக்காம இருந்திருந்தா?"ங்கிற இந்த ஒரு கேள்வியை நாங்க கிளாஸ்ல "காக்கா கேள்வி"ன்னே பேர் வச்சுட்டோம். எந்தக் கதை வந்தாலும் "டீச்சர் காக்கா கேள்வி போடலாமா"ன்னு அவங்களே கேக்குறாங்க.

இதுலயே இன்னொரு வகை இருக்கு, அடையாளத்தை காரணமா எடுத்துக்குறது. எறும்பு முட்டையை தூக்கிட்டு மேடு ஏறுனா மழை வரும்னு பெரியவங்க சொல்லுவாங்க. எறும்பு மேடு ஏறுனதாலயா மழை வந்துச்சு? எறும்பை புடிச்சு டப்பால அடைச்சா மழை நின்னுடுமா? நாலாங்கிளாஸ்ல இதைக் கேட்டா ஒரு நிமிஷம் யாரும் பேசாம யோசிப்பாங்க, அந்த ஒரு நிமிஷத்துக்கு அவசரப்பட்டு நாம பதில் சொல்லிடக்கூடாது.

"ஏன்", "எதுக்கு" ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சுல ஒண்ணா பொழங்குறோம், பாடத்துல பிரிச்சுக் காட்டுறது நல்லது. தாகம் எடுத்த காக்கா பானையில கல்லு போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். காக்கா எதுக்கு கல்லு போட்டுச்சு? தண்ணி குடிக்க. அது நோக்கம். தண்ணி ஏன் மேல வந்துச்சு? கல்லு உள்ள போய் இடத்தை அடைச்சுக்கிச்சு, தண்ணி ஒதுங்கி மேல ஏறுச்சு. அது காரணம். காக்காவுக்கு நோக்கம் உண்டு, தண்ணிக்கு நோக்கம் கிடையாது, தண்ணி யாருக்காகவும் ஏறல. கண்ணாடி டம்ளர்ல அரை டம்ளர் தண்ணி ஊத்தி கிளாஸ்லயே கூழாங்கல்லு போட்டுக் காட்டிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

சங்கிலியா வர்ற காரணங்களுக்கு நல்ல கதை ஒண்ணு சொல்லுங்களேன்.

எனக்கு ரொம்ப பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு, எங்க பக்கம் தெலுங்கு பேசுற வீடுகள்ல பாட்டிங்க சொல்ற ஏழு மீன் கதை. ராஜாவோட ஏழு பிள்ளைங்க ஏழு மீன் புடிச்சுட்டு வந்து காயப் போடுறாங்க, ஆறு காயுது ஒண்ணு மட்டும் காயல. மீனே மீனே ஏன் காயலன்னா வைக்கோல்போர் மறைச்சுக்கிச்சுன்னு சொல்லுது. வைக்கோல்போரே ஏன் மறைச்சேன்னா மாடு என்னை மேயல. மாடே ஏன் மேயலன்னா மாட்டுக்காரன் ஓட்டிட்டு வரல. அவனைக் கேட்டா பாட்டி சோறு போடல. பாட்டியைக் கேட்டா குழந்தை அழுதுச்சு. குழந்தையைக் கேட்டா எறும்பு கடிச்சிடுச்சு. எறும்பே ஏன் கடிச்சேன்னா, என் தங்கப் புத்துல விரலை விட்டா கடிக்காம இருப்பேனான்னு முடியும்.

இதுல பாருங்க, கதை விளைவுல ஆரம்பிச்சு காரணம் காரணமா பின்னாடி போகுது. மொத நாள் கதையை சும்மா சொல்லுங்க. ரெண்டாம் நாள் எட்டு பிள்ளைங்களை வரிசையா நிக்க வைங்க, மீன், வைக்கோல்போர், மாடு, மாட்டுக்காரன், பாட்டி, குழந்தை, எறும்புன்னு ஏழு பேரு, எட்டாவது பிள்ளை கேள்வி கேக்குற ஆளு. மூணாம் நாள் கதையை தலைகீழா சொல்லச் சொல்லுங்க: குழந்தை புத்துல விரலை விட்டுச்சு, அதனால எறும்பு கடிச்சுது, அதனால குழந்தை அழுதுச்சு, அதனால பாட்டியால சோறு போட முடியல, இப்படியே மீன் வரைக்கும். "ஏன்" போட்டு பின்னாடி போறதும் "அதனால" போட்டு முன்னாடி வர்றதும் ஒரே கயிறுதான்னு அப்ப கையாலயே தொட்ட மாதிரி புரியும்.

நாலாம் நாள் கேளுங்க, எந்த எடத்துல கயிறை அறுத்தா மீன் காஞ்சிருக்கும்? போன வருஷம் என் கிளாஸ்ல நெறைய பேரு குழந்தையை புத்துப்பக்கம் விடக்கூடாதுன்னாங்க, வேற ஒருத்தரு பாட்டிக்கு தொணைக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. எப்பவும் பேசாத ஒரு பொண்ணு, "மீனை எடுத்து வெயில் இருக்குற பக்கம் போட்டிருக்கலாம்ல டீச்சர்"னு சொன்னா. அந்த பொண்ணுக்கு எழுத்து சரியா கூட்ட வராது அப்ப. வாசிப்புல பின்தங்கி இருக்குன்னு நாம ஒதுக்கி வைக்கிற பிள்ளை எவ்வளவு தெளிவா யோசிக்குதுன்னு அன்னைக்கு பாத்தேன், அதுக்கப்புறம் அவளை மொத வரிசைக்கு கூட்டிட்டு வந்துட்டேன்.

காரணத்தை பாடத்துல எழுதவே இல்லன்னா பிள்ளை எப்படி கண்டுபிடிக்கும்?

நான் எழுதி வச்சிருக்குற மூணு வரி இது. "பாட்டி வாசலில் கேழ்வரகு காயப்போட்டிருந்தார். வானம் கறுத்தது. பாட்டி முறத்தோடு ஓடிவந்தார்." பாட்டி ஏன் ஓடி வந்தாங்க? "வானம் கறுத்ததால்"னு பாதிப் பேரு சொல்லுவாங்க, அது தப்பில்ல, ஆனா பாதி வழிதான். வானம் கறுத்தா என்ன? மழை வரும். மழை வந்தா என்ன? ராகி நனைஞ்சிடும். நனைஞ்சா என்ன? பூசணம் புடிக்கும், மாவாக்க முடியாது. இந்த நடு வரிங்க எதுவும் அச்சுல இல்ல, பிள்ளை தன் வீட்ல இருந்து கொண்டு வந்து நிரப்புது. ராகி காயப்போடுற ஊர்ப் பிள்ளை இதை நொடியில நிரப்பும், டவுன் பிள்ளைக்கு இதையே மொட்டை மாடியில துணி காயுறதா மாத்தி குடுங்க. அனுமானம் வரலன்னா பிள்ளைக்கு யோசிக்கத் தெரியலன்னு சொல்லிடாதீங்க, அந்த அனுபவம் அதுக்கு இருக்கான்னு மொதல்ல பாருங்க.

ஒரு விளைவுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும்னு பிள்ளைங்க நெனச்சுட்டா?

அஞ்சாங்கிளாஸ்ல இதை கட்டாயம் எடுக்கணும், அதுவும் சொந்த ஊர் விஷயத்தை வச்சு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு முத்துற மாசங்கள்ல யானைங்க வயலுக்குள்ள வருது. ஏன் வருதுன்னு கேட்டா "ராகி திங்க"ன்னு ஒரே பதில் வரும். விடாம கேளுங்க. பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைங்க காலங்காலமா இந்தப் பக்கம் வந்து போற வழி இருக்கு, அந்த வழியில வயலும் வீடும் ரோடும் வந்துடுச்சு, காட்டுல கிடைக்கிற தீனியை விட வயல்ல ஒரே எடத்துல நெறைய, ருசியா கிடைக்குது, ராகி முத்துறதும் அந்த சமயத்துலதான். நாலு வட்டம் போட்டு நாலு அம்பும் யானைக்கு வரணும். அப்புறம் யானைப் பக்கத்துல இருந்து விளைவுக்கு அம்பு போடுங்க, பயிர் போச்சு, ராத்திரி காவல், தூக்கம் இல்ல, மறுநாள் அப்பா வேலைக்குப் போகல, பிள்ளை ஸ்கூலுக்கு வரல. இதை போடும்போது காவலுக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க கிளாஸ்ல இருந்தா அவங்களையே சொல்ல விடுங்க, நாம கேட்டுக்கிட்டா போதும். யானையை கெட்டதாவும் விவசாயியை கெட்டவராவும் ஆக்காம பேசுறதுக்கு பிள்ளைங்க பழகுறது இந்த மாதிரி பாடத்துலதான்.

ஓசூர் பக்கத்து பிள்ளைங்களா இருந்தா கெலவரப்பள்ளி அணையில தண்ணி தொறந்து விடும்போது நுரை பொங்குறதை எடுக்கலாம், அதுலயும் ஆத்துல கலக்குற கழிவு, மதகு வழியா தண்ணி வேகமா விழறதுன்னு ஒண்ணுக்கு மேல காரணம் இருக்கு.

எழுத்துக்கூட்டியே படிக்காத பிள்ளைக்கு இதெல்லாம் எப்படி?

காது வழியா. நீங்க வாசிங்க, அது யோசிக்கட்டும். எழுத்து வந்ததுக்கு அப்புறம் அர்த்தம் பாத்துக்கலாம்னு ஒத்திப்போட்டா ரெண்டு வருஷம் அந்தப் பிள்ளை வெறும் க, ங, ச மட்டும் பாத்துட்டு இருக்கும், படிக்கிறது எதுக்குன்னே தெரியாமப் போயிடும். 2023-ல வந்த வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நிலை பிரிச்சு சின்ன சின்ன புத்தகம் குடுத்திருக்காங்க. நுழை நிலை புத்தகத்துல பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரிதான், படம் பெருசு. அந்தப் படத்தை வச்சே "ஏன்", "அதனால" ரெண்டும் கேக்கலாம். எழுத்தும் ஒரு பக்கம் போகட்டும், இதுவும் ஒரு பக்கம் போகட்டும்.

பரீட்சையில "ஏன்?"னு கேட்டா பாடத்துல இருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதிடுறாங்க. மார்க் போடலாமா?

கேள்வியில இருக்குற வார்த்தை பாடத்துல எந்த வரியில இருக்கோ அந்த வரியை காப்பி பண்றதுதான் பிள்ளைங்க கத்துவச்சிருக்குற வழி, பல நேரம் அது விளைவா இருக்கும், காரணம் முந்தின வரியில இருக்கும். நான் பாதி மார்க் போட்டு பக்கத்துல ஒரு அம்பு மட்டும் போட்டு விடுவேன், பிள்ளையே தேடி திருத்தி கொண்டு வந்தா மீதி மார்க். கிளாஸ்ல பதில் எழுதும்போது ஒரே ஒரு நிபந்தனை வச்சிருக்கேன், பதில் "அதால்" இல்லன்னா "ஏனென்றால்"ல வரணும், பாடத்துல எப்படி இருந்தாலும் சரி. அந்த வாலை ஒட்ட வைக்கணும்னா வாக்கியத்தை பிரிச்சுதான் ஆகணும், வெறும் காப்பி அடிக்க முடியாது. எழுத்துப்பிழைக்கு அந்த எடத்துல மார்க் கொறைக்காதீங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல திருத்துனா பிள்ளை எழுதுறதையே நிறுத்திடும்.

கதையில வர்ற காரணம் உண்மையில தப்பா இருந்தா? மழையில நனைஞ்சா காய்ச்சல்னு எல்லா கதையிலயும் வருதே.

கதைக்குள்ள அதுதான் காரணம்னு ஒத்துக்கங்க, ஏன்னா கேள்வி கதையைப் பத்தினது. அப்புறம் தனியா ரெண்டு நிமிஷம் எடுத்து, காய்ச்சல் வர்றது கிருமியால, மழைத்தண்ணி மட்டுமே காய்ச்சலை கொண்டு வராதுன்னு சொல்லிடுங்க. ரெண்டையும் போட்டு குழப்பிக்க வேண்டாம்.

வீட்ல நாங்க என்ன பண்ணலாம்? எனக்கு படிக்கத் தெரியாதுங்க டீச்சர்.

இந்தக் கேள்வியை தயங்கித் தயங்கி கேட்ட அம்மாவுக்கு நான் சொன்னதையே இங்கயும் எழுதுறேன். படிக்கத் தெரிய வேண்டியதே இல்லம்மா, நீங்க சமைக்கும்போது பிள்ளையை பக்கத்துல உக்கார வச்சு கேளுங்க. பால் ஏன் பொங்குச்சு? இட்லி மாவு ராத்திரி பாதிப் பாத்திரம் இருந்துச்சு, காலையில ஏன் வழியுது? குளிர் காலத்துல ஏன் சீக்கிரம் புளிக்கல? உங்களுக்கு பதில் தெரியலன்னா "தெரியல, நாளைக்கு டீச்சரைக் கேட்டுட்டு வந்து எனக்கு சொல்லு"ன்னு சொல்லுங்க. அந்த அம்மா மாவு கேள்வியை அன்னைக்கே கேட்டுட்டாங்க போல, மறுநாள் காலையில பிரேயருக்கு முன்னாடியே பையன் வந்து நின்னான், அதை வச்சே நாலாங்கிளாஸ்க்கு ஒரு பீரியட் ஓடுச்சு.

"ஏன் இப்படி பண்ண"ன்னு திட்டும்போது மட்டும் வீட்ல "ஏன்"ங்கிற வார்த்தை வருதான்னு கொஞ்சம் கவனிங்க. அப்படி இருந்தா பிள்ளைக்கு "ஏன்"னாலே பயம், கிளாஸ்ல நான் கேட்டாலும் தலையை குனிஞ்சுக்கும். சாதாரண நேரத்துலயும் அந்த வார்த்தை வீட்ல பொழங்கட்டும்.

எவ்வளவு நாள்ல பலன் தெரியும்?

வாயால சொல்றது ரெண்டு மூணு வாரத்துலயே மாறும். எழுத்துல, எனக்கு தெரிஞ்ச வரைக்கும் ஒரு வருஷம் ஆகுது, அதுலயும் "ஆமல்", வினையெச்சம் ரெண்டும் கடைசியாதான் வரும். நடுவுல லீவு விட்டா கொஞ்சம் பின்னாடி போகும், ஜூன்ல திரும்பவும் காக்கா, பனம்பழத்துல இருந்தே ஆரம்பிங்க, ஒரு வாரத்துல பழைய எடத்துக்கு வந்துடுவாங்க.